கையை விட்டுப் போன மீன்: ஒரு ராணுவ டாக்டரும் நீலகிரி ட்ரவுட்டும்



"கழுவுற மீன்ல நழுவுற மீன்" என்று சில ஆட்களைப் பற்றி நம்ம பக்கம் சொல்வோம். எந்தப் பக்கம் பிடித்தாலும் பிடி கொடுக்காத ஆள்.

இன்றைக்கு நாம் பார்க்கப் போவது உண்மையிலேயே நழுவிய ஒரு மீனின் வரலாறு. மீன் பெயர் ட்ரவுட். நழுவவிட்டவர் ஒரு மருத்துவர். நடந்தது நம்ம தமிழ்நாட்டில், 160 வருடத்துக்கு முன்பு.

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒரு கேள்வி. திண்டுக்கல் பக்கம் கண்மாயிலோ குளத்திலோ தூண்டில் போடும் யாரிடமாவது, "இதுவரைக்கும் நீங்க பார்த்ததிலேயே பெரிய மீன் எது?" என்று கேட்டுப் பாருங்க.

பத்தில் ஒன்பது பேர் பிடித்த மீனைச் சொல்ல மாட்டார்கள். தப்பித்த மீனைத்தான் சொல்வார்கள். "தக்கை உள்ள போச்சு டாக்டர், இழுத்தேன், வெரால்னு நெனைக்கிறேன், தொடை தண்டி இருந்துச்சு, கரைக்கு வந்து அறுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்பார்கள். சொல்லச் சொல்ல கை இரண்டும் அகலமாகிக்கொண்டே போகும்.

இது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான். ஆனால் தப்பித்த மீனுக்கு என்று தனி இலக்கியமே வைத்திருப்பவர்கள், ஃபிளை ஃபிஷிங் என்ற முறையில் ட்ரவுட் பிடிப்பவர்கள்.

அது என்ன முறை?

நாம் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோர்ப்போம். அவர்கள் எதையும் கோர்ப்பதில்லை. முள்ளின் மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, பூச்சி மாதிரியே ஒரு பொம்மை செய்வார்கள். அதற்குத்தான் ஃபிளை என்று பெயர். அந்தப் பொம்மைக்கு எடையே கிடையாது. அதனால் கனமான நூலைச் சாட்டை மாதிரி வீசி, ஓடும் ஆற்றின் மேல் ஒரு ஈ வந்து உட்காருவது போல உட்கார வைப்பார்கள். ட்ரவுட் அதை நிஜப் பூச்சி என்று நினைத்து மேலே வந்து கவ்வும்.

மீனின் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நூலின் கடைசிப் பகுதி மிக மெல்லியதாக இருக்கும். அதனால்தான் பெரிய மீன்கள் அடிக்கடி அறுத்துக்கொண்டு போகும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சுமார் 1800 வருடங்களுக்கு முன்பு ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றோரத்து மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைக் கட்டி, புள்ளி போட்ட மீன்களைப் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புள்ளி மீன் ட்ரவுட் என்றுதான் பலரும் கருதுகிறார்கள்.

சேவல் இறகு என்றதும் நம்ம ஊருக்கு ஒரு தொடர்பு வருகிறது.

சிறுமலையிலும் பழனி மலையிலும் காட்டுக்கோழி பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறம். சேவலின் கழுத்து இறகில் மெழுகுச் சொட்டு விட்ட மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பளபளவென்று புள்ளிகள் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ட்ரவுட், சால்மன் பிடிக்கும் ஃபிளைகளுக்கு இந்த இறகு மேல் அவ்வளவு மோகம். பூச்சியின் கண் போல, குட்டி மீனின் கண் போல அது மின்னும். கப்பல் கப்பலாகக் காட்டுக்கோழிக் கழுத்துகள் இந்தியாவிலிருந்து போயின. இன்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பறவை பாதுகாக்கப்பட்ட இனம்.

நம்ம மலைக் கோழியின் இறகு அங்கே போய் ட்ரவுட்டைப் பிடித்தது. அதே காலத்தில் அந்த ட்ரவுட்டை இங்கே கொண்டுவர ஒருவர் பாடுபட்டார். அவரிடம் வருவதற்கு முன் இன்னொரு கதை.

1868. ஸ்காட்லாந்தின் டே ஆறு. ஜார்ஜ் ஃபாரஸ்ட் பிரௌன் என்ற மதகுரு, ட்ரவுட்டின் பெரியண்ணன் என்று சொல்லத்தக்க சால்மன் மீன் ஒன்றைத் தூண்டிலில் மாட்டினார். மீன் கரைக்கு வரவில்லை. படகை இழுத்துக்கொண்டு போனது. பகல் போய் இருட்டியது. ஏறத்தாழ 10 மணி நேரம் போராட்டம். கடைசியில் மீன் விடுபட்டுப் போய்விட்டது.

பிறகு அதே ஆற்றின் கழிமுகப் பகுதியில் வலையில் ஒரு சால்மன் சிக்கியது. எடை 70 பவுண்டுக்கும் மேல், அதாவது 32 கிலோவுக்கு மேல். அது இவரிடம் தப்பித்த மீன்தான் என்று அந்தப் பக்கத்தில் நம்பினார்கள். 1922-ல் அதே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் தூண்டிலில் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான் பிரிட்டனில் இன்றுவரை சாதனை. அப்படியென்றால் பிரௌன் விட்டது எவ்வளவு பெரிய மீன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரௌன் பின்னாளில் பிரிஸ்டல் நகரத்தின் பிஷப் ஆனார். நிறைய எழுதினார். ஆனாலும் மீன்பிடிப்பவர்கள் மத்தியில் அவர் பெயர் நிற்பது அந்தப் பிடிபடாத மீனால்தான்.

பிடித்ததை விட விட்டது ஏன் மனதில் நிற்கிறது?

1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். சிலவற்றை முடிக்க விட்டார். சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பிறகு கேட்டபோது பாதியில் நின்ற வேலைகளே அதிகம் ஞாபகத்தில் இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளில் இதே முடிவு எல்லா நேரமும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த மருத்துவரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார். குணமாகி நடந்து போன ஆயிரம் பேரின் முகம் மறந்துவிடும். கையை விட்டுப் போன ஒருவரின் கட்டில் எண் கூட மறக்காது.

சரி, நம்ம டாக்டரிடம் வருவோம்.

பெயர் ஃபிரான்சிஸ் டே. 1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் மருத்துவப் பணியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். இரண்டாம் பர்மா போரில் வேலை பார்த்தார். பிறகு கொச்சியில் சிவில் சர்ஜன்.

காலரா, அம்மை, காய்ச்சல் என்று வேலைக்குப் பஞ்சமில்லாத காலம். அதற்கு நடுவிலும் அவருக்கு மீன் பைத்தியம். சந்தைக்குப் போவார், மீனவர்களிடம் பேசுவார், புதிதாக ஒரு மீனைக் கண்டால் வாங்கி வந்து அறுத்துப் பார்ப்பார், துடுப்பின் முள்ளை எண்ணுவார், குறித்து வைப்பார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை. குளிர் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, பளிங்கு மாதிரி ஓடைகள் இருக்கின்றன. ஆனால் ஓடையில் தூண்டில் போட்டால் விரல் நீள மீன்தான். ஊரில் பிடித்துப் பழகிய ட்ரவுட் இல்லை.

ட்ரவுட்டைக் கொண்டுவரும் முதல் முயற்சியை 1863-ல் எடுத்தவர் டாக்டர் டே. அந்த முயற்சி பலிக்கவில்லை. 1860-களில் நடந்த வேறு முயற்சிகளும் நீலகிரி ஓடைகளில் ட்ரவுட்டை நிலைக்க வைக்கவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? இங்கேதான் கொஞ்சம் அறிவியல்.

மீனை உயிரோடு கப்பலில் கொண்டுவருவது பெரும்பாடு. முட்டையாகக் கொண்டுவருவதுதான் வழி. ட்ரவுட் முட்டை பொரிவது தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. 10 டிகிரி செல்சியஸில் பிரௌன் ட்ரவுட் முட்டை ஏறத்தாழ 6 வாரத்தில் பொரியும். பனிக்கட்டிக்கு நெருங்கிய குளிரில் வைத்தால் 3 மாதத்துக்கு மேல் கூடத் தள்ளிப்போகும். சூடு ஏறினால் சீக்கிரம் பொரியும், இன்னும் ஏறினால் செத்துவிடும்.

அதாவது அந்த முட்டைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதை மெதுவாக்கும் ஒரே சாவி பனிக்கட்டி.

1863-ல் சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். ஒன்று, ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வரணும். இல்லை, எகிப்து வரை கப்பல், அங்கே ரயில், பிறகு செங்கடலில் வேறு கப்பல். செங்கடலின் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம்ம அக்னி நட்சத்திரம் தோற்றுவிடும்.

பனிக்கட்டிக்கு எங்கே போவது? அன்றைக்கு மெட்ராஸில் ஐஸ் தயாரிக்கும் தொழிற்சாலை இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

மெட்ராஸில் இறங்கியதும் வேலை முடியவில்லை. சமவெளியைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் வரை ரயில். அதற்குப் பிறகு மாட்டு வண்டியும் தலைச்சுமையும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-ல்தான்.

இன்னொரு சிக்கல் ஆக்சிஜன். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராம் போல ஆக்சிஜனைக் கரைத்து வைக்கும். நம்ம திண்டுக்கல் கண்மாய் மாதிரி 30 டிகிரித் தண்ணீர் ஏழரை மில்லிகிராம்தான் வைக்கும். விரால் அதைப் பற்றிக் கவலைப்படாது, மேலே வந்து வாயைத் திறந்து காற்றையே குடித்துவிடும். ட்ரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு மூச்சுத்திணறல்தான். சமவெளி வெயிலில் இறங்கிய ட்ரவுட், மாரடைப்பு வந்தவரை மாடிப்படி ஏறச் சொன்ன கதை.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1864 ஜனவரியில் நார்ஃபோக் என்ற கப்பல் லண்டனிலிருந்து கிளம்பியது. முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, டன் கணக்கான பனிக்கட்டிக்கு நடுவில் வைத்திருந்தார்கள். ஏப்ரலில் மெல்பர்ன் வந்து, அங்கிருந்து டாஸ்மேனியா போனது. அதில் முக்கியமானது லட்சம் அளவில் இருந்த சால்மன் முட்டைகள். கூடவே சுமார் 3000 ட்ரவுட் முட்டைகள், ஓர் இணைப்பு மாதிரி.

சால்மன் பொரிந்து வளர்ந்து கடலுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. இணைப்பாக வந்த ட்ரவுட்டில் பிழைத்த 300 குஞ்சுகள்தான் அங்கே குடியேறின. சில வருடங்களில் நியூசிலாந்துக்கும் போயின. எதை நம்பினார்களோ அது நழுவியது. எதைப் பெரிதாக நினைக்கவில்லையோ அது தங்கியது.

நம்ம டாக்டர் டேக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவர் என்ன செய்தார்?

இங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "வந்திருந்தா எப்படி இருந்திருக்கும் தெரியுமா" என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டு அவர் உட்காரவில்லை. இங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்கள் எவை, அவை ஏன் குறைகின்றன என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்.

1860-களின் பிற்பகுதியில் ஒரு கேள்வி அரசாங்கத்தின் முன் வந்தது. ஆறுகளின் குறுக்கே கட்டப்படும் அணைக்கட்டுகள் மீன் வளத்தைக் கெடுக்கின்றனவா? இதைக் கிளப்பியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? கல்லணையைச் சீர்செய்து, கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைக்கட்டுகள் கட்டிய சர் ஆர்தர் காட்டன். கட்டியவரே "இதில் பாதகம் உண்டா பாருங்கள்" என்று கேட்டார் என்பது பெரிய விஷயம்.

பார்க்கச் சொல்லி அனுப்பப்பட்டவர் டாக்டர் டே. பிறகு அவர் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். ஊர் ஊராகப் போனார். 1873-ல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார்.

அவர் கண்டது இதுதான். முட்டையிட ஆற்றில் மேலே ஏறும் மீனை அணைக்கட்டு தடுக்கிறது. அதன் கீழே திகைத்துக் கூட்டமாக நிற்கும் மீனை வலை போட்டு மொத்தமாக அள்ளுகிறார்கள். கண் சிறுத்த வலையில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் போகின்றன. தண்ணீரில் விஷம் கலந்து பிடிக்கிறார்கள். அணைக்கட்டுகளில் மீன் ஏறிப்போக வழி விடுங்கள், வலைக்கண்ணுக்கு ஓர் அளவு வையுங்கள், விஷத்தைத் தடுங்கள் என்றார்.

ஒரு நோயாளியைப் பார்த்த மாதிரியே எழுதியிருக்கிறார் பாருங்கள். அறிகுறி, காரணம், சிகிச்சை.

1875 முதல் 1878 வரை 'இந்தியாவின் மீன்கள்' என்ற அவருடைய பெரிய நூல் படங்களோடு பகுதி பகுதியாக வந்தது. 1889-ல் அரசு வெளியிட்ட விலங்கினத் தொகுப்பில் மீன்கள் பற்றிய இரண்டு பாகங்களும் அவர் எழுதியவை. 1400-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. இன்றும் இந்தியாவில் மீனியல் படிக்கும் பிள்ளைகள் அவர் பெயரைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது.

லண்டன் அருங்காட்சியகத்தின் மீனியல் நிபுணர் குந்தருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. அதனால் அவர் சேர்த்த மாதிரிகளில் ஒரு பெரும் பகுதி 1883-ல் சிட்னி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நம்ம ஆற்று மீன்கள் பல இன்றும் அங்கே கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கின்றன. ஈகோ என்பது டாக்டர்களுக்கும் உண்டு, விஞ்ஞானிகளுக்கும் உண்டு!

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர் கடைசி வருடங்களில் எதை ஆராய்ந்தார் என்று நினைக்கிறீர்கள்? ட்ரவுட்டையும் சால்மனையும்தான். ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் பண்ணையில் அந்த மீன்களின் இனக்கலப்புச் சோதனைகளில் ஈடுபட்டார். 1887-ல் பிரிட்டன், அயர்லாந்தின் சால்மன் குடும்ப மீன்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1889 ஜூலையில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். வயது 60.

நீலகிரி ஓடையில் ட்ரவுட் துள்ளுவதை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

ட்ரவுட் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். சூயஸ் வழி திறந்து, நீராவிக் கப்பல் வேகம் பிடித்து, ஐஸ் எளிதாகக் கிடைத்து, மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ஏறிய பிறகு. எச்.சி.வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் 1907-ல் அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் அமைத்தார். 1909, 1910-ல் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்திலிருந்து ரெயின்போ ட்ரவுட் வந்தது.

இலங்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். நுவரெலியாப் பக்கம் தோட்டக்காரத் துரைமார்கள் 1880-களிலேயே ட்ரவுட்டை விட்டிருந்தார்கள். நம்ம தமிழ்ச் சொந்தங்கள் கொழுந்து பறித்த அதே மலைகள்தான்.

டே கொண்டுவர முயன்ற ட்ரவுட் இங்கிலாந்து ஆறுகளுடையது. கடைசியில் நீலகிரியில் வேரூன்றியது அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட ரெயின்போ. கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும் இனம். அவலாஞ்சிப் பொரிப்பகம் இன்றும் மீன்வளத் துறை கையில் இருக்கிறது.

"சரி டாக்டர், முடிவு சுபம்தானே" என்று கேட்டால், இல்லை.

மேலே மலையில் வெளிநாட்டு மீனுக்கு முட்டை, பனிக்கட்டி, பொரிப்பகம், காவல், சட்டம் எல்லாம் கிடைத்தது. நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கீழே சமவெளியில் நம்ம ஆற்று மீனுக்கு டே கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிக்கக் கூடாது என்ற இந்திய மீன்வளச் சட்டமே, அவர் இறந்து 8 வருடம் கழித்து 1897-ல்தான் வந்தது.

கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி வந்துகொண்டிருந்த ஹில்சா, நம்ம ஆட்கள் உல்லம் என்று சொல்லும் மீன், 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் மேலே போக வழியில்லாமல் குறைந்தது. டெல்டாவுக்கும் சேலத்துக்கும் மேட்டூர் கொடுத்த வாழ்வை நான் மறுக்கவில்லை. அணை வேண்டும். மீனுக்கு வழியும் யோசித்திருக்கலாம் என்பதே ஆதங்கம்.

மகசீர் என்று ஒரு மீன். கெண்டைக் குடும்பத்தின் ராஜா. காவிரியில் வாழும் திமில் மகசீரைத் தேடி உலகத் தூண்டில்காரர்கள் எல்லாம் வந்தார்கள். 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில் ஒன்று பிடிபட்டது. தப்பித்தவை இதைவிடப் பெரியவை என்று அந்தக் காலத்தவர்கள் எல்லோருமே சொல்வார்கள்!

வேடிக்கை என்னவென்றால், அத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயர் இல்லை. 2007-ல் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகசீருக்கு, ரெமா தேவி என்ற இந்திய விலங்கியலாளரின் பெயரால் 'டோர் ரெமதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காவிரியின் திமில் மகசீரும் அதே இனம்தான் என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் அது மிக ஆபத்தான அழிவுநிலையில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் வைத்த கையோடு ஐசியூ.

பாம்பாறு எங்கே போகிறது? அமராவதி அணைக்கு. நம்ம குடகனாறு எங்கே போகிறது? ஆத்தூர்ப் பக்கத்து மலைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு திண்டுக்கல், வேடசந்தூர் தாண்டி அதே அமராவதிக்கு. அமராவதி கரூர் பக்கம் காவிரிக்கு. ஆக, காவிரி மீன் கதை நமக்கு யாரோ வீட்டுக் கதை இல்லை சொந்தங்களே.

இப்போது ஒரு மருத்துவராக இரண்டு விஷயங்கள்.

ஒன்று. பிடித்த மீனை விட்டுவிடும் பழக்கம் இன்று ஃபிளை ஃபிஷிங்கில் பரவலாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் 1992-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்க. ரெயின்போ ட்ரவுட்டைக் களைக்கக் களைக்க ஓடவிட்டு, தண்ணீரிலேயே விட்டபோது இறந்தவை 12 சதவீதம். களைத்த மீனை 30 நொடி காற்றில் வைத்திருந்து விட்டபோது 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்திருந்து விட்டபோது 72 சதவீதம்.

காரணம் எளிது. உயிருக்குப் போராடும் மீனின் தசை ஆக்சிஜன் பற்றாமல் லாக்டிக் அமிலத்தைக் கொட்டும், ரத்தம் அமிலமாகும். அந்த நேரத்தில் செவுள் தண்ணீரில் இருந்தால்தான் மீளும். வெளியே எடுத்து செல்ஃபி எடுக்கும் ஒரு நிமிடம், மீனுக்கு வென்டிலேட்டரைப் பிடுங்கிய ஒரு நிமிடம். விடுவது என்று முடிவு செய்துவிட்டால் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

கூடவே ஒரு தகவல். தூண்டில் முள் விரலில் குத்திவிட்டால் வெடுக்கென்று பின்னால் இழுக்காதீர்கள். முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன முள் இருக்கும், சதையைக் கிழித்துவிடும். அப்படியே அரசு மருத்துவமனைக்கு வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு முறையாக எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் டிடி தடுப்பூசியும் போட்டு அனுப்புவோம்.

இரண்டு. நழுவியதை என்ன செய்வது?

அரசு மருத்துவமனையில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அது அந்த வார்டோடு முடிந்துவிடாது. இறப்புத் தணிக்கை என்று ஒன்று நடக்கும். எத்தனை மணிக்கு வலி வந்தது, எப்போது ஆம்புலன்ஸ் கிளம்பியது, ரத்தம் எப்போது கேட்டோம், எப்போது வந்தது என்று நிமிடக் கணக்கில் உட்கார்ந்து பேசுவோம். பழி போடுவது அதன் நோக்கம் இல்லை. அடுத்த தாயை நழுவவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தக் கூட்டங்களில் உட்கார்வது சுலபம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பேறுகால மரணம் இந்த அளவு குறைந்ததில் அந்த மேசைக்கும் ஒரு பங்கு உண்டு.

டாக்டர் டேயின் 1873 அறிக்கையை நான் அப்படி ஒரு தணிக்கை அறிக்கையாகத்தான் பார்க்கிறேன். ட்ரவுட் கைகூடாத மனிதர், நம்ம ஆறுகளில் கைநழுவிக்கொண்டிருந்த மீன்களைக் கண்டு, ஏன் என்று கேட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதில் பாதியை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை.

குடகனாற்றிலோ கண்மாயிலோ தோட்டா போட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தால், 1897-லேயே தடை செய்யப்பட்ட குற்றம் அது என்று சொல்லுங்க. காவல்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் தெரியப்படுத்துங்க.

கடைசியாக, உங்களிடம் தப்பித்த பெரிய மீன் எது? எந்தக் குளம், எந்த வருடம், என்ன மீன் என்று கமெண்டில் எழுதுங்க. கை அகலத்தைக் கொஞ்சம் குறைத்தே சொல்லுங்க, நம்புகிறேன். நம்ம மாவட்டத்தின் எந்தத் தண்ணீரில் எந்த மீன் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு பதிவாக இருக்கட்டும்.



அரசு மருத்துவர்
திண்டுக்கல்